லீ ராஜா பிறந்தநாளுக்கு ஒரு துயர நாடகம்

பேராசிரியர் வெங் யூமிங்கின் கடைசி நாடகத்தை மேடையேற்றும் தகுதி தைவான் தீவில் யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. இதை அவர் சொல்லவில்லை. அவர் பிரதி அனுப்பிவைத்த மூன்று இயக்குநர்களும் ஒருவர் பின் ஒருவராகத் தாங்களே சொன்னார்கள். "வாத்தியாரின் எழுத்தைத் தொடும் அளவுக்கு நாங்கள் இன்னும் வளரவில்லை" என்று தைபெயிலிருந்து பணிவாகப் பதில் வந்தது. மூவருமே அவரிடம் படித்தவர்கள். மூவருடைய முதல் நாடகத்தையும் அவர் பத்திரிகையில் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். 'இவர்கள் இன்னும் வளரவில்லை' என்று அப்போது எழுதியவரும் அவர்தான். பையன்கள் பாடத்தை மறக்கவில்லை.

நாடகத்தின் பெயர் 'மௌனத்தின் இடப்பக்கம்'. வெள்ளை மேடை, ஒரே ஒரு நாற்காலி. அதில் ஒருவன் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி கையில் பெட்டியோடு இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நடந்து வெளியே போகிறாள். கதவு சாத்தும் ஓசை. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் ஒன்றும் நடப்பதில்லை. விளக்கு அணைகிறது.

இது மனித இருப்பின் வெறுமையைப் பற்றியது என்று முன்னுரையில் எழுதியிருந்தார். உண்மையில் இது மனைவி பெய்யுன் அவரை விட்டுப் போனதைப் பற்றியது. போய் ஒன்பது வருடம் ஆகிறது. கிழக்குக் கரையில், தாய்துங் பக்கம், தங்கையின் சீத்தாப்பழத் தோட்டத்தில் இருக்கிறாள். அவர் போய் அழைக்கவில்லை. ஒரு வரி எழுதிப் போடவும் இல்லை. மகள் ஒருமுறை போனில் கேட்டதற்கு, "எழுத்தாளன் கடிதம் எழுதுவதில்லையம்மா, படைக்கிறான்" என்றார்.

"அப்ப தபால்தலையை எங்கப்பா ஒட்டுவீங்க?" என்றாள் மகள்.

ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த நாடகத்தை எழுதும்போது அவர் மனசுக்குள் இருந்த அரங்கில் ஒரே ஒரு இருக்கைதான் இருந்தது. அதில் பெய்யுன் உட்கார்ந்திருப்பாள். முக்கால் மணி நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் எவ்வளவு தனியாக இருக்கிறான் என்று அவளுக்கு அப்போது புரியும். புரிந்தால் திரும்பி வந்துவிடுவாள். அதற்கு நாடகம் ஒருமுறையாவது மேடையேற வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

தைபெயில் ஒரு காலத்தில் வெங்கின் பெயரைக் கேட்டாலே ஒப்பனை அறையில் பவுடர் டப்பா கீழே விழும். பாரிஸில் இரண்டு வருடம் படித்துவிட்டு ஒரு புகைக்குழாயும், ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒருமுறை 'அடிப்படையில்' என்று சொல்லும் பழக்கமுமாகத் திரும்பி வந்தவர். எழுதிய நாடகங்கள் பதினொன்று. முதல் நாடகத்தைப் பார்க்க அரங்கம் நிரம்பியது. இரண்டாவதைப் பார்க்க முதலாவதைப் பார்க்காதவர்கள் மட்டும் வந்தார்கள். நாடகம் எழுதி வாங்கிய பெயரைவிட மற்றவர்கள் நாடகத்தைப் பற்றி எழுதி வாங்கிய பெயர்தான் பெரிது. எந்த நாடகத்திலும் இடைவேளைக்கு மேல் அவர் இருந்ததில்லை. பாதி பார்த்தாலே முழுவதும் தெரிந்துவிடும் என்பார். ஓய்வுபெற்றபின் தைனானில் அப்பாவின் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்பா சோயா சாறு காய்ச்சி விற்றவர். வீட்டுச் சுவரில் அந்த வாசனை இன்னும் போகவில்லை.

இப்போது அவரை எந்த அரங்கும் அழைப்பதில்லை. காலையில் தெருமுனைக் கடையில் மீன் கஞ்சி குடிப்பார். கடைக்காரிக்கு அவர் 'இஞ்சி வேணாம்'. அதுதான் இந்தத் தெருவில் அவர் பெயர். மதியம் பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்பார். 'முதல் பாதி விறுவிறுப்பு, பிற்பாதியில் தொய்வு' என்று மனசுக்குள் எழுதிக்கொள்வார். சண்டை முடிந்து அவர்கள் சிரிக்கும் சத்தம் வந்தால் எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.

அப்படி ஒரு மதியத்தில்தான் ஆ-சுவான் வந்தான். டயர் கடைக்காரன். லீ ராஜா கோயில் கமிட்டித் தலைவன்.

"வாத்தியாரே, சாப்ட்டாச்சா? உங்ககிட்ட நாடகம் இருக்காமே?"

"இருக்கிறது என்றால்?" வெங் பேசுவதும் அச்சடித்ததுபோலத்தான் இருக்கும்.

"ஸ்டாக்ல."

வெங் மூக்குக்கண்ணாடியை மோதிர விரலால் மேலே தள்ளினார். ஆ-சுவான் அழைக்காமலே உட்கார்ந்தான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சாமி பிறந்தநாள். வருஷா வருஷம் கூத்துக் கம்பெனி வருது. இந்த வருஷம் நகராட்சிக் கலாச்சார ஆபீஸ்ல, பழைய கூத்துக்கெல்லாம் உதவி கிடையாது, உள்ளூர்க் கலைஞரோட புதுப் படைப்பா இருக்கணும்னுட்டாங்க. உள்ளூர்ல புதுசு எங்க கிடைக்கும்னு விசாரிச்சேன். கஞ்சிக்கடை அக்கா உங்க வீட்டைக் காட்டுச்சு."

கோயில் கூத்தைப் பற்றி வெங் இளமையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். சாமிக்கு நேர்ந்துகொண்டு, ஆள் இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல்களுக்கு முன்னால் ஆடுவது கலை அல்ல, பழக்கம் என்று நிரூபித்திருந்தார். அந்தக் கட்டுரைக்காக ஒரு கேடயம்கூடக் கிடைத்தது. அதை நினைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"என் நாடகம் அடிப்படையில் கோயில் வாசலுக்கு உரியது அல்ல."

"ஏன், நல்ல இடம் வாத்தியாரே. வண்டி நிறுத்த வசதி இருக்கு."

"பார்வையாளர்கள் வேண்டுமே."

"சாமி இருக்காரே! ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் உக்காந்து பார்ப்பாரு. சில பேரு மாதிரி பாதியில எந்திரிச்சுப் போக மாட்டாரு."

ஆ-சுவான் யாரையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் வெங்குக்கு அது எங்கேயோ தைத்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவனை வாசல் வரை அனுப்பியவர், அவன் செருப்பை மாட்டுவதற்குள் சரி என்றுவிட்டார்.

அன்று சாயங்காலமே தாய்துங்குக்குப் போன் செய்தார். மச்சினி எடுத்தாள்.

"யூமிங் பேசுகிறேன்."

"எந்த யூமிங்?" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "ஐயோ, அத்தானா! யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.

"இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே கோயிலில் என் நாடகம். பெய்யுன் வர வேண்டும் என்று சொல்லுங்கள்."

"அக்கா தோட்டத்துல இருக்கா. சொல்றேன். அதுல அவளுக்கு வேஷம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"அவள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்."

"வெறும பார்க்கறதுக்கா மலையைச் சுத்திக்கிட்டு அவ்வளவு தூரம் வரணும்?" என்றாள் மச்சினி. பிறகு, "சொல்றேன் அத்தான். ஆனா இப்ப பழத்துக்கெல்லாம் உறை கட்டுற சமயம்" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூத்துக் கம்பெனியின் லாரி கோயிலுக்கு எதிரே வந்து நின்று, பக்கவாட்டைத் திறந்துகொண்டு மேடையாக மாறியது. பின்னால் அரண்மனைப் படுதா. இரண்டு பக்கமும் டிராகன்கள். வெள்ளை மேடை கேட்டிருந்த வெங் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

கம்பெனித் தலைவி மிங்சு, அறுபது வயதுக்காரி, கிராப்பு வெட்டிக்கொண்டு பனியனோடு நின்றிருந்தாள். ராஜகுமாரன், பண்டிதன், படைத்தலைவன் எல்லாம் அவள்தான். இந்தக் கூத்தில் கதாநாயகனாக வருவது பெண்தான். வெங் அவளிடம் ஆறு பிரதிகளை நீட்டினார். ஒவ்வொன்றும் சுருள் கம்பி போட்டுக் கட்டியது.

அவள் ஒன்றைக் கையில் வைத்து எடை பார்த்தாள். "இது என்ன வாத்தியாரே?"

"நாடகப் பிரதி."

"எங்களுக்கு எதுக்கு? நாங்க படிச்சு ஆடுறதில்லையே. ஆட்டத்துக்கு முன்னாடி கதைசொல்லி உக்காந்து கதையைச் சொல்வாரு. யாரு யாரு, எப்ப வரணும், எப்ப போகணும், அவ்வளவுதான். வாயில வர்றது எங்க பாடு. எங்க கதைசொல்லிக்குப் பித்தப்பையில கல்லு, ஆஸ்பத்திரில கெடக்காரு. இன்னைக்கு நீங்கதான் கதைசொல்லி. உக்காருங்க, சொல்லுங்க."

படுதாவுக்குப் பின்னால் கண்ணாடிகளை வைத்து ஒப்பனை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெங் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பல்கலைக்கழகங்களில் அவர் நாடகத்தைப் பற்றி அவரே மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். நாடகத்தைச் சொல்லும்படி யாரும் கேட்டதில்லை.

"ஒரு மனிதன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான்."

"சரி" என்றாள் மிங்சு. "அப்புறம்?"

"அமர்ந்திருக்கிறான்."

"அதைச் சொல்லியாச்சு. அப்புறம்?"

கதாநாயகி வேஷக்காரி ஆ-குய் ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருந்தாள். கொஞ்சம் பருத்த உடம்பு. மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள். "நான் யாரு?"

"மனைவி. இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நடக்கிறீர்கள்."

"நடந்து?"

"போய்விடுகிறீர்கள்."

"வசனம்?"

"இல்லை."

"பாட்டு?"

"இல்லை."

"ஒரு அழுகையாவது?"

"கூடவே கூடாது."

ஆ-குய் மைக்குச்சியைக் கீழே வைத்தாள். "ஏன் வாத்தியாரே, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். வெங் சிரிக்கவில்லை.

"சரி, அவ ஏன் போறா? அதைச் சொல்லுங்க" என்றாள் மிங்சு. "மாமியார் கொடுமையா?"

"இல்லை."

"சின்ன வீடு?"

"இல்லை!"

"சூதாட்டம்? குடி?"

"அவன் ஒழுக்கமானவன்."

"ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவனை விட்டுட்டு ஒருத்தி எதுக்குப் போவா?"

"அதனாலயே போயிருப்பா" என்றான் மத்தளக்காரன், கம்புகளைத் துணியால் துடைத்தபடி.

வெங் கண்ணாடியை மேலே தள்ளினார். இவர்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அவள் ஒரு நடிகை. அவன் நாடக விமர்சகன். அவள் நடித்த ஒரு நாடகத்தைப் பற்றி அவன் பத்திரிகையில் ஒரு வரி எழுதினான்."

"என்ன வரி?"

அந்த வரியை அவர் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாவிட்டால் அவரை அறிமுகப்படுத்துகிறவர் சொல்வார். 'சொந்த மனைவியையே விட்டுவைக்காத விமர்சகர்!' என்று கை உயரும். அரங்கம் சிரித்து ஓய்ந்து கைதட்டும். எனவே அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரிப்புக்கு இடம் விட்டு, மேடைக் குரலிலேயே சொன்னார்: "'வேலைக்காரியாக வந்தவர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். தட்டு இயல்பாக இருந்தது.'"

யாரும் சிரிக்கவில்லை. 

"கட்டினவளையா?" என்றாள் ஆ-குய்.

"நேர்மை என்பது அடிப்படையில்..."

"கட்டினவளையா அப்படி எழுதினான்? ஊரெல்லாம் படிக்கிற பேப்பர்ல?"

"அவ என்ன சொன்னா?" என்றாள் மிங்சு.

"ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் தங்கை வீட்டுக்குப் போனாள்."

"இவன் கூப்பிடப் போகலையா?"

"அது நாடகத்துக்கு வெளியே" என்றார் வெங்.

மிங்சு கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையையும் தட்டினாள். "ஆச்சு. கேளுங்கடி. நான் அரசாங்கத் தேர்வு அதிகாரி. தேசத்துல உள்ள புலவனுங்களுக்கெல்லாம் மார்க் போடறவன். ஆ-குய் அரண்மனைப் பாடகி. ராஜா சபையில இவ பாட்டுக்குப் புருஷன் சைபர் போட்டுடறான். இவ கோவிச்சுக்கிட்டுக் கடற்கரைப் பக்கம் குடிசை போட்டுக்கிட்டுப் போயிடறா. இவன் தவிக்கிறான். கடைசியில தேடிக்கிட்டுப் போறான். சேர்ந்துடறாங்க. மங்களம்."

"சேரவில்லை" என்றார் வெங்.

"சேரணும் வாத்தியாரே."

"இல்லை அம்மா. கதவு சாத்தப்படுகிறது. அவன் தனியாக இருக்கிறான். அதுதான் நாடகம். மற்றதை எல்லாம் நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், முடிவைத் தொடக் கூடாது."

"சாமி பிறந்தநாள்" என்றாள் மிங்சு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "ராஜாவை உக்காத்தி வச்சு அவர் கண்ணு முன்னாடி குடும்பத்தைப் பிரிச்சபடி திரையை மூட முடியாது. மூடினா இந்தத் தெருவுல ஒரு வருஷத்துக்கு ஒரு கல்யாணம் விளங்காது. கொலை பண்ணுங்க, வெள்ளம் வரட்டும், பிள்ளை தொலையட்டும். கடைசியில எல்லாரும் சேர்ந்து நின்னு கும்பிட்டாத்தான் கூத்து."

'சேர்ந்துவிடும் நோய்' என்று இதற்குப் பெயர் வைத்ததே வெங்தான். நம் நாடகங்கள் ஏன் கடைசிக் காட்சியில் கோழைத்தனமாகக் கைகோத்துக்கொள்கின்றன என்று புத்தகமே எழுதியிருந்தார். அதன் இரண்டாம் அத்தியாயத்தை இப்போது தொடங்கினார். சத்தம் கேட்டு ஆ-சுவான் ஓடிவந்தான்.

"வாத்தியாரே, தெரு முழுக்க வேண்டுதல் இருக்கு. ஒருத்தி பொண்ணுக்கு வரன் பார்க்கறா. ஒருத்தன் மவன் ராணுவத்துல. உங்க ஒருத்தர் துயரத்துக்காக எல்லாரையும் கெடுக்கலாமா?"

"துயரம்தான் உண்மை!"

"இருக்கட்டுமே. உண்மையை வீட்ல வச்சுக்கங்க. சாமிக்கு இன்னைக்கு ஒரு நாள் சந்தோஷமா இருக்கட்டும்."

"என் பிரதியைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார் வெங்.

ஆ-குய் தன் கண்ணாடிக்கு உயரம் பற்றாமல் அடியில் வைத்திருந்த பிரதியை உருவி, மேலே ஒட்டியிருந்த பவுடரை ஊதித் தட்டிவிட்டு மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். கண்ணாடி சாய்ந்தது.

வெங் அதை வாங்கிக்கொண்டு லாரியிலிருந்து இறங்கி நான்கு எட்டு வைத்தார். அங்கிருந்து சாலை தெரிந்தது. கிழக்கிலிருந்து வருகிறவர்கள் ரயிலடியில் இறங்கி அந்தச் சாலை வழியாகத்தான் வர வேண்டும். ஒருவேளை அவள் இந்நேரம் வண்டியில் இருந்தால்? வந்து, கோயில் வாசலில் வெறும் லாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால்? அவர் நின்றார். திரும்பி வந்து பிரதியை ஆ-குய்யின் கண்ணாடிக்கு அடியில் அவரே வைத்தார்.

"சேர்ந்து தொலையட்டும்" என்றார்.

மதியம் கூத்து தொடங்கியது. முதலில் வழக்கம்போல மூன்று தேவர்கள் வந்து லீ ராஜாவுக்கு ஆயுள், செல்வம், பிள்ளைப்பேறு எல்லாம் வாழ்த்திவிட்டு மிட்டாயை அள்ளி வீசினார்கள். மிட்டாய்க்காகக் கூட்டம் வந்தது. மிட்டாயோடு போனது. பிறகு ஆ-சுவான் மைக்கைப் பிடித்தான். "தேசப்புகழ் நாடக மேதை, நம்ம தெரு வெங் வாத்தியாரின் புத்தம் புதிய படைப்பு, 'மௌனத்தின் இடப்பக்கம்'!" என்று கத்தினான். உடனே நாதசுரம் போன்ற கொம்பு வாத்தியங்கள் இரண்டும் தாளமும் மத்தளமும் ஒன்றாகக் காதைப் பிளந்தன. மௌனம் அப்படித்தான் ஆரம்பித்தது.

கதைசொல்லியின் இடம் மேடை ஓரத் திரைக்குப் பின்னால், மத்தளக்காரனுக்குப் பக்கத்தில். ஆடுகிறவர்கள் வார்த்தை வராமல் நின்றால் அங்கிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். வெங் அங்கே நின்று திரை இடுக்கு வழியாக வெளியே பார்த்தார். வரிசை வரிசையாகச் சிவப்பு ஸ்டூல்கள். கோயில் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே புகைக்கு நடுவில் லீ ராஜாவின் கறுத்த முகம். ஸ்டூல்களில் ஒன்றில் மட்டும் ஓலைத் தொப்பி போட்ட ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வெங் திரை இடுக்கை இன்னும் அகலமாக விலக்கினார். அவள் செருப்பைக் கழற்றி உள்ளே இருந்த கல்லை உதறிவிட்டு எழுந்து போனாள்.

மிங்சு தேர்வு அதிகாரியாக வந்தாள். சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பதால் நாற்காலி நேராகப் போடப்பட்டிருந்தது. உட்கார்ந்ததும் மோதிர விரலால் மூக்கின் மேல் இல்லாத எதையோ மேலே தள்ளினாள். மத்தளக்காரன் வெங்கைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

ஆ-குய்யின் பாட்டும் சைபர் மார்க்கும் முடிந்து, அவள் மூட்டையைக் கட்டும் கட்டம் வந்தது. அழுதாள். புருஷனால் தள்ளப்பட்ட மனைவிகள் நூறு வருடமாகப் பாடி வரும் அதே அழுகை, அதே மெட்டு. ஒவ்வொரு வரியும் எந்தக் கூத்திலிருந்து வந்தது என்று வெங்கால் சொல்ல முடியும். பழக்கதோஷத்தில் அவர் மனசு எழுதத் தொடங்கியது: 'இரவல் வாங்கிய கண்ணீரில்...' வாக்கியம் அதோடு நின்றுவிட்டது. பாதி வாக்கியத்தோடு அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நடந்து போனாள். அது மட்டும் பிரதியில் இருந்தபடியே இருந்தது.

கடைசிக் கட்டம். தேர்வு அதிகாரி கடற்கரைக் குடிசைக்கு வந்துவிட்டார். இரண்டு வரி பாடியதும் மனைவி கதவைத் திறந்து கையைப் பிடிக்க வேண்டும். ஆனால் ஆ-குய்க்கு உள்ளுக்குள் ஏதோ சூடு ஏறியிருந்தது.

"எதுக்கு வரணும்? சொல்லு" என்றாள் கதவுக்கு உள்ளேயிருந்து.

"வீடு இருண்டு கிடக்கு பெண்ணே!"

"விளக்கை ஏத்திக்கோ."

"சோறு இறங்கலையே!"

"குழம்பு வைக்கக் கத்துக்கோ."

பின்னால் ஒப்பனையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மிங்சு அசரவில்லை. நிலா, அன்னப்பறவை, அறுந்த வீணை என்று கையில் இருந்ததையெல்லாம் எடுத்து வீசினாள். ஆ-குய் ஒவ்வொன்றையும் பிடித்துத் திருப்பி எறிந்தாள். கடைசியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அதெல்லாம் சரி. நீ எனக்குப் போட்ட சைபருக்கு என்ன பதில்?"

அதற்குப் பழைய கூத்து எதிலும் பதில் இல்லை. மிங்சு நீளக் கைச்சட்டையால் முகத்தை மறைத்து அழுவதுபோலத் திரைப்பக்கம் நகர்ந்து வந்தாள். "வாத்தியாரே, அவன் என்ன சொல்வான்? சீக்கிரம்."

மத்தளக்காரன் நேரத்தை நிரப்ப உருட்டத் தொடங்கினான்.

வெங் வாயைத் திறந்தார். "விமர்சனம் என்பது அடிப்படையில் தனிமனிதரைக் குறித்தது அல்ல..."

"சுருக்கமா!"

"அந்த வரியை அதன் சூழலில் வைத்துப் பார்த்தால்..."

"இதையெல்லாம் எப்படிப் பாடறது? அவன் வாயால என்ன சொல்வான், அதைச் சொல்லுங்க!"

மத்தளம் உருண்டுகொண்டே இருந்தது. வெங்குக்கு அந்த அரங்கம் ஞாபகம் வந்தது. மூன்றாவது வரிசை, ஓர இருக்கை. மடியில் காகிதம். இரண்டாம் காட்சியில் பெய்யுன் வரப்போகிறாள் என்று தெரியும். காலையில் வீட்டில் அதற்காக அவள் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் நடந்து நடந்து பார்த்தது தெரியும். கதவு திறந்தது. அந்தச் சமயம் பார்த்து வேறு ஒரு நடிகனைப் பற்றி நல்ல வாக்கியம் ஒன்று கிடைத்தது. குனிந்து எழுதினார். நிமிர்ந்தபோது மேடையில் அவள் இல்லை. மேஜை மேல் தட்டு இருந்தது.

அவர் பார்த்தது தட்டை மட்டும்தான்.

இதுவரைக்கும் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது சொல்வதற்கு வாய் திறந்தபோது மிங்சு அங்கே இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், குடிசை வாசலில் போய் மண்டியிட்டிருந்தாள். கோயில் படியில் ஆ-சுவான் கையைச் சுழற்றிச் சுழற்றி முடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். சாமிக்குப் பிறந்தநாள் நூடுல்ஸ் படைக்கும் நல்ல நேரம் தாண்டப்போகிறது. ஆ-குய் அதைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"சரி எந்திரி. லீ ராஜா முகத்துக்காக வர்றேன்" என்று கையை நீட்டினாள்.

கொம்புகள் முழங்கின. வாசலில் சரவெடியைப் பற்றவைத்தார்கள். தேர்வு அதிகாரியும் மனைவியும் கைகோத்து நின்று மூன்று முறை தலை தாழ்த்தினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் வெங் திரையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"என்ன?" என்று கத்தினான் மத்தளக்காரன். வெங் மறுபடி சொன்னார். அவன் காதைக் காட்டித் தலையை ஆட்டிவிட்டு அடிப்பதில் முனைந்தான்.

சத்தம் ஓயும்போது ஆ-குய் பின்னால் வந்து கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். கொண்டை ஊசிகளைப் பிடுங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு தலைக்கிரீடத்தைக் கழற்றினாள். வெங் அவளுக்கு எதிரே போய் நின்றார். 

"அந்தக் கேள்விக்கு" என்றார். "அவன் சொல்ல வேண்டியது... அன்னைக்கு நான் உன்னைப் பார்க்கவே இல்லை. குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தா நீ உள்ள போயிட்டே. நீ எப்படி நடிச்சேன்னு எனக்குத் தெரியாது."

ஆ-குய் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கண்ணின் மை வியர்வையில் கரைந்து கன்னத்துக்கு வந்திருந்தது. ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

"இப்ப எதுக்கு வாத்தியாரே அதெல்லாம்? நான்தான் வந்துட்டேனே" என்றாள்.

ஊசிகளை அவர் உள்ளங்கையில் கொட்டி, "கொஞ்சம் பிடிங்க, தொலைஞ்சிடும்" என்றுவிட்டு, நூடுல்ஸ் ஆறிவிடுமென்று லாரியிலிருந்து இறங்கி ஓடினாள். வெளியே கடைசிவரை காலியாகவே கிடந்த ஸ்டூல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மைக்கில் ஆ-சுவான், வந்திருந்த அத்தனை பேருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். வெங் கையை மூடாமல், ஊசி ஒன்றும் கீழே விழாதபடி, அப்படியே நின்றார்.